கட்டம் போட்ட கைலியும் கைப்பேசிக் கூட்டமும்

பழவேற்காட்டுப் படகுத்துறையில் ஒரு மாலை நேரம். பெரியவர் ஒருவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்ணிகளை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கைலி. துவைத்துத் துவைத்துக் கட்டங்களின் ஓரம் ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தது. தலையில் துண்டு. பக்கத்தில் அவருடைய அக்காள் மகன், இருபத்திரண்டு வயதிருக்கும். அர்ஜென்டினா ஜெர்சி, முதுகில் 10. கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் இறுக்கமான பேன்ட். கைப்பேசியை மாமனிடம் நீட்டினான்.

"மாமா, இதப் பாரு. திருவிழாவுக்கு இந்தக் கலர்தான் எடுக்கப்போறோம். க்ரூப்புல எல்லாரும் ஓகே சொல்ட்டானுங்க."

மாமன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. அழுக்கு காட்டுமே?"

"ஒரு நாளைக்குத்தான மாமா."

"அப்போ சரி. உங்க நைனாவுக்கும் ஒண்ணு சேத்துச் சொல்லு."

குப்பத்துப் பையன்கள் இருபதுக்கும் மேற்பட்டோர், ஒரே நிறத்தில் சட்டை. தேர்ந்தெடுத்தது வாட்ஸ்அப் குழு. அதற்கு முன் நான்கைந்து நிறங்கள் வந்து அடிபட்டுப் போயிருந்தன. ஒன்று பக்கத்துக் குப்பம் போன ஆண்டு எடுத்தது, ஒன்று கட்சிக் கலர், ஒன்று போட்டோவில் எடுக்காது. கடைசியில் நின்றது கத்தரிப்பூ நிறம். இந்தப் பையன் அணியப்போகும் சட்டையை அவன் தேர்ந்தெடுத்தானா, கூட்டம் தேர்ந்தெடுத்ததா? கைப்பேசிக்குள் ஒரு கூட்டம் குடியேறிய பிறகு ஆண்களின் உடுப்பில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது? பெண்களின் உடை பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது, பெரும்பாலும் ஆண்களே எழுதியது. ஆண்களின் உடையை யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. அதை எடுத்துப் பார்க்கப் பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் அந்தப் பெரியவரின் இடுப்பிலேயே இருந்தது.

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காட்டு ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக்கொண்டு நிற்கிறது. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். அதனால் ஏரியில் தொழில் செய்பவர்கள் நாளின் பெரும்பகுதியை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே கழிக்கிறார்கள். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு மார்பு வரை ஈரம். இங்கே உடுப்பு முதலில் தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஊர்க் கண்ணுக்கு. கோவணம் அப்படி வந்தது. கைலியை மடித்து இறுக்கிக் கட்டுவது அப்படி வந்தது. இன்று அரைக்கால் சட்டையும் ஜெர்சியும் அதே வழியில்தான் வந்திருக்கின்றன. பாலியெஸ்டர் ஜெர்சி நனைந்தாலும் கனக்காது, படகு கரை சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். மெஸ்ஸியின் பெயர் அதற்கு மேல் ஓர் அழகு. இளைஞர்கள் எதையோ பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்று கரையில் நின்று சொல்பவர்கள் ஒரு பருத்திச் சட்டையோடு நாலு மணி நேரம் ஏரியில் நின்று பார்க்க வேண்டும்.

மீனவரின் உடை பற்றிய பழைய குறிப்புகளில் எனக்கு மறக்க முடியாதது ஒரு தொப்பி. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். இடுப்பில் ஒரு முழத் துணி, தலையில் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பி. கடிதம் அந்தத் தொப்பிக்குள் இருக்கும். அலை கவிழ்த்தாலும் ஆள் நீந்தி ஏறிவிடுவார், கடிதம் நனையாது. அவர்களுடைய அரைநிர்வாணத்தைக் கண்டு கப்பலில் வந்த ஐரோப்பியச் சீமாட்டிகள் திடுக்கிட்டதைப் பயணக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. செய்தியைச் சுமந்தவனின் தொப்பியை விட்டுவிட்டு அவன் உடுத்தாததையே அவர்கள் பார்த்தார்கள். இந்தப் பார்வைக் கோளாறு பின்னாலும் வரும், அதனால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இப்போது கைலிக்கு வருவோம்.

1515 வாக்கிலேயே போர்த்துக்கீசியர் பழவேற்காட்டில் மாதா கோயில் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரைகளைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா, பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்கும் சுமத்ராவுக்கும் பெகுவுக்கும் போன வண்ணத் துணிகளைக் குறிப்பிடுகிறார். 1610இல் டச்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. அடுத்த முக்கால் நூற்றாண்டு சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறியது. டச்சுக்காரர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். அந்தத் தீவுக்காரர்களோ வெள்ளிக் காசை விடச் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். ஆகவே துணி இங்கிருந்து கிழக்கே போனது, வாசனைப் பொருள் அங்கிருந்து மேற்கே போனது. இதே துறையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதையும் சொல்லாமல் துணியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அந்த வணிகம் நடந்த முறையைக் கவனிக்க வேண்டும். எந்தத் தீவில் எந்த நிறம் விலைபோகும், எந்த அளவுக் கட்டம் பிடிக்கும் என்று அங்கிருந்து தகவல் வரும். கூடவே மாதிரித் துணிகளும் வரும். அந்த மாதிரியைத் தரகர்கள் உள்நாட்டு நெசவாளர்களிடம் கொடுத்து அப்படியே நெய்யச் சொல்வார்கள். கடற்கரை மணலில் வளரும் சாயவேரிலிருந்து சிவப்பு எடுத்தார்கள். எங்கோ ஒரு தீவில், முகம் தெரியாத ஒரு கூட்டத்துக்குப் பிடித்தது எது என்பது, பொன்னேரிப் பக்கத்துத் தறியில் எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை ஓட வேண்டும் என்று தீர்மானித்தது. பதில் வந்து சேர ஒரு பருவக்காற்று ஆகும். இன்று ஒரு நொடி ஆகிறது. வேகம்தான் வேறு.

ஊரின் பெயர் துணியோடு சேர்ந்து போனது. மலேசியாவில் ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பெயர் 'கைன் பெலிகாட்', பழவேற்காட்டுத் துணி. இலங்கையில் 'பளயகட்' சாரம். மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் கைக்குட்டை 'பலியகாத்தே'. அந்நாட்டு விடுதலைப் போரின் தளபதி ஹோசே மரியா மோரெலோஸ் படங்களில் எல்லாம் தலையில் துணி கட்டியபடி இருப்பார்; அதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் நம் ஊர்ப் பெயர்தான். 1994இல் சியாப்பாஸ் காட்டிலிருந்து எழுந்த சபாத்திஸ்தாக்கள் முகத்தை மறைக்கக் கட்டிக்கொண்ட சிவப்புத் துணியும் அதுவே. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் பழவேற்காட்டுக் கைக்குட்டைகளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் மீன்பிடிப்பவர்கள், படகு வணிகர்கள். சென்னைக் கட்டத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்கிறார்கள். அந்தத் துணியிலிருந்து சில இழைகளைக் கத்தியால் வெட்டி உருவி எடுத்துத் தங்களுக்கென்று ஒரு புதுக் கோலத்தை உண்டாக்குவார்கள், அதற்கு 'பெலெத்தே பிதே' என்று பெயர். ஜோஆன் ஐக்கர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். நம் கரையில் நெய்த துணியை இன்னொரு மீனவச் சமூகம் வாங்கி, இழை பிரித்து, தனதாக்கிக்கொண்டது. வெளியிலிருந்து வந்ததை உடுத்துவதாலேயே ஒருவர் தன் அடையாளத்தை இழந்துவிடுகிறார் என்று பேசுகிறவர்களுக்குக் கலபாரிகள் நல்ல பதில்.

இதெல்லாம் கடலுக்கு அப்பால். கரையில் ஆணின் உடுப்பை அளந்தது ஊர்ப் பஞ்சாயத்து. ஏரியைச் சுற்றியுள்ள பட்டினவர் மீனவக் குப்பங்களில் 'பாடு' என்ற முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரே முறைவைத்துப் பங்கிடும். ஆய்வாளர் சாரா கோல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வின் வழியாக வெளியுலகமும் இதை அறிந்தது. இந்தப் பாடு முறையில் பங்கு பெற வேண்டுமானால் ஊரில் தலைக்கட்டாகச் சேர வேண்டும். தலைக்கட்டு என்ற சொல்லைத் தினமும் சொல்கிறோம், அதற்குள் ஒரு துணி இருப்பதை மறந்துவிட்டோம். கருமாதி அன்று மாமன் மச்சான் முறைக்காரர்கள் வாரிசின் தலையில் துணி கட்டுவார்கள், அன்று முதல் அவன் குடும்பத்துக்குப் பொறுப்பாளி. தலைப்பாகைக்கு 'உருமால்' என்றும் ஒரு பெயர் உண்டு. ருமால் என்றால் கைக்குட்டை, உலகமெல்லாம் பழவேற்காட்டின் பெயரைச் சொன்னதும் கைக்குட்டைதான். ஓர் ஆணைக் கூட்டம் தன்னில் ஒருவனாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் தலையில் ஒரு முழத் துணி. பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துக் கீழே விடுவதும் இதே இலக்கணம்தான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பார்வையாலேயே கற்றுக்கொடுத்தார்கள்.

பிறகு சினிமா வந்தது. 1964இல் 'படகோட்டி', 1977இல் 'மீனவ நண்பன்'. திரையில் எம்.ஜி.ஆர். மீனவராக வந்தபோது கடற்கரைக் குப்பங்களில் அது வெறும் படமாக இருக்கவில்லை. மன்றம் வைத்தார்கள், மன்றத்துக்கு ஒரு பலகை, பலகைக்கு முன்னால் ஒரே மாதிரி உடுத்திய பத்துப் பேர். என்னைக் கேட்டால் இணையக் குழுக்களின் உண்மையான மூதாதை ரசிகர் மன்றம்தான். நேரில் பார்க்காத ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் கூடி, அவரைப்போல் முடி சீவி, அவரைப்போல் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வது அங்கேதான் பழகியது.

இந்த மெச்சலின் நுணுக்கத்தைக் கூர்ந்து பார்த்தவர் ஆய்வாளர் கான்ஸ்டன்டைன் நகாசிஸ். 2007க்குப் பின் மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்களோடு தங்கி அவர் செய்த ஆய்வு 2016இல் நூலாக வந்தது. பையன்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்டைல்' என்ற சொல்லே அவருடைய பொருள். சட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் அசலா போலியா என்பதைப் பற்றி அந்த மாணவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை என்று அவர் கண்டார். திருப்பூரில் மிஞ்சிய ஏற்றுமதிச் சரக்கும் அதைப் பார்த்து அடித்த நகலும் ஒரே தட்டில் இருந்தன. அவர்கள் கவலைப்பட்டது நண்பர்களைப் பற்றி. கொஞ்சம் எடுப்பாக இருந்தால் 'கெத்து'. அளவு மீறினால் 'ஓவர் ஸ்டைல்', 'சீன் போடறான்'. கூட்டம் ஒருவனைத் தூக்கியும் விடும், தலைக்கு மேல் போனால் காலைப் பிடித்து இழுத்தும் விடும். இளைஞனின் உடுப்பு எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. பழவேற்காட்டுப் பையன்களிடம் இன்றும் இதையே பார்க்கிறேன். இருபது பேரும் ஒரே நிறத்தில் சட்டை எடுத்தார்கள். ஆனால் கையை எத்தனை மடிப்பு மடிப்பது, எந்தக் கண்ணாடி போடுவது என்பதில் ஒவ்வொருவரும் தனித் தனி. அந்த இரண்டு விரல்கடை இடம்தான் ஒருவனுக்குத் தன் சொந்தம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. குப்பங்களில் கைப்பேசி அதற்கு முன்பே இருந்தது, கடலில் காற்று விவரம் கேட்கவும் ஏலத்தில் மீன் விலை கேட்கவும். இப்போது அதில் படம் ஓட ஆரம்பித்தது. இதனால் பழைய கட்டுகள் எல்லாம் அறுந்து இளைஞர்கள் எங்கோ பறந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்ரீராம் வெங்கட்ராமனின் ஆய்வு அதை மறுக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் எழும்பிய ஊர்களுக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்து, 15 மாதம் தங்கி அவர் எழுதிய நூல் 2017இல் வெளியானது. உறவு, சாதி, வயது, வர்க்கம் எல்லாம் கைப்பேசிக்குள்ளும் அப்படியே குடிவந்துவிட்டன என்பது அவர் கண்டது. யாரோடு வெளியே பழகுகிறார்களோ அவர்களோடுதான் உள்ளேயும் பழகுகிறார்கள். படம் போடும்போதும் இன்னார் பார்ப்பார் என்ற நினைப்போடுதான் போடுகிறார்கள்.

படகுத்துறையில் நான் கண்டதும் அதுதான். அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் ஒரே குப்பத்துப் பிள்ளைகள். பங்காளி, மாமன், மச்சான். சட்டை நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இன்ஸ்டாகிராமில் ஒரு கடையின் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் கடையை அறிமுகப்படுத்தியது வேறொரு குப்பத்தில் பெண் கொடுத்த வீட்டு மச்சான். பணம் சேர்த்தது ஒருவன், அளவு எழுதியது ஒருவன். மொய் நோட்டுப் போல ஒரு பட்டியல், பெயருக்கு நேரே 'எம்', 'எல்', 'எக்ஸ்எல்'. சின்னப் பையன் ஒருவனால் பணம் கட்ட முடியவில்லை. "அடுத்த பாடு வந்ததும் குடுத்துருவான்" என்று அண்ணன்காரன் சொல்ல, பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். கைப்பேசிக் கூட்டம் என்பது இங்கே ஊர்க் கூட்டத்தின் இன்னொரு திண்ணை.

திரையின் ஓட்டம் இந்தத் திண்ணைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு 2015ஆம் ஆண்டே சாட்சி. 'பிரேமம்' மலையாளப் படம் சென்னையில் 200 நாட்களுக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தில் வந்த கறுப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியும் அந்த ஆண்டு ஓணத்துக்குக் கேரளக் கல்லூரிகளை நிறைத்தன, படங்கள் முகநூலில் பரவின, தமிழ்நாட்டுப் பையன்களும் கறுப்புச் சட்டைக்கு வேட்டி தேடினார்கள். அதே ஆண்டு 'மாரி'யில் தனுஷ் கைலியைக் கதாநாயகனின் உடையாக்கினார். வேட்டி கட்டத் தெரியாத தலைமுறை என்று சொல்லப்பட்டவர்கள் வேட்டிக்குத் திரும்பியது தாத்தாவைப் பார்த்து அல்ல, ஒருவரை ஒருவர் பார்த்து.

இன்னொரு வகைக் கூட்டமும் இப்போது உண்டு. 'தூத்துக்குடி மீனவன்', மூக்கையூரிலிருந்து வரும் 'உங்கள் மீனவன்' போன்ற யூடியூப் சேனல்கள் படகுக்குள் கேமராவைக் கொண்டுபோயின. மீனவர் வேலைத் துணியோடே லட்சக்கணக்கானோர் முன் பேசுகிறார். கரை ஏறியதும் கழற்றி ஒளித்து வைக்க வேண்டியதாக இருந்த உடுப்பு இப்போது பார்க்கத்தக்கதாகியிருக்கிறது. சினிமா மீனவனுக்கு நடிகரின் உடலைக் கொடுத்தது, இவர்கள் மீனவனின் உடலையே காட்டுகிறார்கள். கைப்பேசி செய்த நன்மைகளில் இதை முதலில் வைப்பேன்.

தீமையையும் சொல்ல வேண்டும். 2019இல் யூடியூபில் ஒரு கானாப் பாட்டு பரவி 'புள்ளிங்கோ' என்ற சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளைகள் என்பதன் சென்னை உச்சரிப்பு, அவ்வளவுதான். வண்ணம் பூசிய முடி, பக்கங்களில் மழித்த கிராப்பு, ஒட்டிய பேன்ட், பளிச்சென்ற சட்டை, டிக்டாக்கில் கூட்டமாக ஆட்டம். வடசென்னையிலும் திருவள்ளூர்ப் பக்கத்திலும் உழைக்கும் வீட்டுப் பையன்கள் தங்களுக்குத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட தோற்றம் அது. சில மாதங்களுக்குள் அதே சொல் வசவாக மாறியது. மீம் போட்டார்கள், ரவுடி என்றார்கள். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் முடிதிருத்துநரை வரவழைத்து மாணவர்களின் தலையை வரிசையாக வெட்டினார்கள், முடிதிருத்தும் கடைகளுக்கு 'இந்த வெட்டு வெட்டாதே' என்று வேண்டுகோள் போனது. 2020 ஜூன் 29இல் 59 செயலிகளில் ஒன்றாக டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, 'நல்லவேளை, இந்தப் பசங்க தொல்லை ஒழிந்தது' என்று படித்தவர்கள் மகிழ்ந்ததை நான் வாசித்திருக்கிறேன். அந்தப் பையன்கள் எல்லோரும் ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள், ஏளனமும் கூடவே போனது.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பாகப் படுகிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ கோட்டோ பனியனோ போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. கிராப்புக்கும் தடை என்பதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். ஏழை வீட்டுப் பையன் தன் தலைமுடியைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது ஏன் இத்தனை பேரை உறுத்துகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இருக்கிறது. அம்பேத்கர் ஏன் கோட்டு அணிவதை விடவில்லை என்பதற்கும், 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் கானாப் பாடகர்கள் ஏன் கோட்டு சூட்டில் வந்தார்கள் என்பதற்கும் அங்கேயே விடை இருக்கிறது.

மீனவர்களுக்கும் இந்த மானம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் லாரி லாரியாக வந்த பழைய துணிகளை மக்கள் தொடவில்லை, சாலையோரம் குவியலாகக் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஏன் துணியை மறுக்கிறார்கள் என்று அனுப்பியவர்களில் சிலருக்குக் கோபம்கூட வந்தது. அடுத்தவர் உடுத்திக் கழித்ததைக் கட்டிக்கொண்டு நிற்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இதில் புரியாதது எதுவும் இல்லை.

சட்டம் ஓரிடத்தில் ஆணின் உடைக்குத் துணை நின்றது. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றுக்குள் வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். நல்ல சட்டம். ஆனால் அது வேட்டிக்குக் கொடுத்த மரியாதை கைலிக்கு மனத்தளவில் இன்னும் வரவில்லை. 2023 ஜூனில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்ககச் சங்கம் லுங்கியோடும் நைட்டியோடும் பூங்காவில் நடக்காதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டது. சமூக ஊடகங்களில் அதற்குப் பலத்த கண்டனம் எழுந்தது. அன்று கைப்பேசிக் கூட்டம் கைலியின் பக்கம் நின்றது. நம் ஊர் அலுவலகங்களுக்குக் கைலியோடு மனு கொடுக்கப் போகும் ஒரு மீனவர் எத்தனை நாழிகை நிற்க வைக்கப்படுகிறார் என்பதைப் படகுத்துறையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிற நாளில் பெரியவர்களும் பேன்ட் தேடுகிறார்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தபின் சில இளைஞர்களுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது, கூடவே ஒளிரும் பட்டை தைத்த மேலங்கியும் கழுத்தில் அட்டையும். அந்த அட்டையோடு எடுத்த படம்தான் அவர்களில் பலரின் வாட்ஸ்அப் முகப்புப் படம். வலை பிடிக்கும் கைக்கு ஊர் கொடுக்காத மதிப்பை ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுக்கிறது என்பது அவர்கள் குற்றமல்ல.

கைலியின் உறவுத் துணி ஒன்றுக்கு வேறு விதியும் வாய்த்தது. சென்னைக் கோட்டையில் முன்பு ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718இல் அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு கல்லூரிக்குப் புத்தகங்களோடு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். பெரும்பாலும் துணி. அதை விற்று வந்தது 562 பவுண்டு, அதற்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1960களில் அதே யேலிலும் பிற பழைய பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் சென்னைக் கட்டம் போட்ட சட்டையைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். துவைத்தால் சாயம் போகும், கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். குறை என்று கருதாமல் அதையே அசலுக்கு அடையாளமாக்கினார்கள். இன்றும் ஆண்களின் உடை பற்றி இணையத்தில் கூடிப் பேசும் மேல்நாட்டுக் குழுக்களில், சாயம் கரைகிற பழைய 'மெட்ராஸ்' துணி எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். படகுத்துறைப் பெரியவரின் இடுப்பில் கரைந்திருந்த கட்டங்கள் அவர்கள் தேடும் அந்தக் கரைசலின் சொந்தக்காரர்கள்தான். ஒரே துணி, ஓரிடத்தில் ரசனை, ஓரிடத்தில் ஏழ்மை. துணியில் எந்த வேறுபாடும் இல்லை. எந்தக் கூட்டம் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஆக, ஆணின் உடுப்பைக் கூட்டம்தான் என்றும் தேர்ந்தெடுத்தது. பஞ்சாயத்தும் மன்றமும் செய்ததைக் கைப்பேசி தொடர்கிறது. அது புதிதாகச் செய்தது, மெச்சுகிறவர்களோடு எங்கோ இருந்து சிரிக்கிறவர்களையும் வீட்டு வாசலுக்கே கூட்டி வந்தது. குப்பத்துக்குள் 'சீன் போடறான்' என்று சொல்லும் மச்சானின் கேலிக்குப் பின்னால் உறவு இருக்கிறது. நாளை அவனே தோள் கொடுப்பான். முகம் தெரியாதவனின் ஏளனத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பதினாறு வயதுப் பையன் தனியாக நின்று தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் கத்தரிக்கோலை எடுக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை கிளம்பும்போது அந்தப் பையனிடம் மெக்சிகோக் கைக்குட்டையின் பெயரைச் சொன்னேன். நம்பவில்லை. அங்கேயே கைப்பேசியில் தேடினான். துணியைத் தலையில் கட்டிய மோரெலோஸின் படம் வந்தது. மாமனிடம் காட்டினான். அவர் தன் தலைத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நம்மூருதா?" என்று மட்டும் கேட்டார்.

கைலிக்குப் பேர்போன ஊர்கள் இன்று குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும். பழவேற்காட்டின் பெயர் அதன் சொந்தக் கரையில் எந்தக் கைலி முனையிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. ஏரிக்கரைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கைலியை மடித்துக் கட்டிப் படகு முனையில் நின்று ரீல்ஸ் எடுக்கும்போது, கீழே ஊர்ப் பெயரைத் தமிழில் முழுதாக எழுதுங்கள். பினாங்கில் ஒரு கடைக்காரரும் மெக்சிகோவில் ஒரு தாத்தாவும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.